ஒத்துக்கிட்டான் பாறை

தங்கப்பாண்டிக்கு அன்று அருவிக்குப் போக விருப்பமே இல்லை. கால் வலிக்கிறது என்றார். கடைக்குச் சரக்கு வருகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கம்பெனிக்காரன் சரக்கு அனுப்புகிறான் என்று மனைவி கனகலட்சுமி திருப்பிக் கேட்டதும், மழை வரும் போலிருக்கிறது என்றார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினார். உண்மையான காரணத்தைச் சொல்லும் தைரியம் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் பாறைக்குள் போய் மாட்டியிருக்கவே மாட்டார்.

தங்கப்பாண்டி திருப்பரங்குன்றத்தில் சிமென்ட், பெயின்ட் கடை வைத்திருக்கிறவர். ஐம்பத்து நாலு வயது, தொண்ணூற்றாறு கிலோ. அருவிக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டது கனகலட்சுமியின் தம்பி அழகுபாண்டி. பேரையூருக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஊஞ்சப்பாறை அருவி என்று ஒன்று இருக்கிறதாம், நல்ல மழை பெய்து தண்ணீர் கொட்டுகிறதாம். எளிதான நடை, ஒன்றரைக் கிலோமீட்டர்தான், குழந்தை குட்டியோடு போகலாம் என்று போனில் போட்டிருந்ததை அவன் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினான். அவனுடைய இரண்டு வாண்டுகளும் முந்தின நாளே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தன. போதாததற்குத் தங்கப்பாண்டியின் ஒரே மகள் சத்யப்ரியா, ஜவுளிக்கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள் லீவு கேட்கிற ஆளே இல்லை.

மகளும் காடும் ஒன்றாகச் சேர்கிற எந்த இடத்துக்கும் தங்கப்பாண்டி ஒரு வருடமாகப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெண்பிள்ளை எந்த விண்ணப்பம் போட்டாலும் செல்போன் எண் என்கிற கட்டத்தில் அப்பா நம்பரைத்தான் எழுத வேண்டும். காலேஜில் சேர்ந்தாலும் அப்பா நம்பர், கியாஸ் புத்தகத்துக்கும் அப்பா நம்பர், ரத்தம் பரிசோதித்தால் அதன் முடிவும் அப்பா போனுக்குத்தான் வரும். பிள்ளையின் நம்பர் ஊரான் கையில் சிக்கிவிடக் கூடாதாம். அந்தப் பிள்ளைக்கு இருபத்தாறு வயதாகி, கையில் சொந்தப் போன் இருந்தாலும் இதுதான் வழக்கம். எவன் ஆரம்பித்துவைத்தானோ தெரியவில்லை. அவனைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

தாவரவியல் படித்த சத்யப்ரியா வனக்காவலர் வேலைக்குப் பரீட்சை எழுதினாள். விண்ணப்பத்தில் அப்பா நம்பர். முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, நாலாம் நாள் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். ஏழு மாதம் கழித்து இரண்டாம் பட்டியல் வந்தது. இன்ன தேதியில் சான்றிதழ்களோடு நேரில் வரவும் என்று சத்யப்ரியாவின் பெயருக்கு ஒரு குறுஞ்செய்தி, அப்பா போனில் வந்து விழுந்தது. கடையில் உட்கார்ந்து அதை மூன்று முறை வாசித்தார் தங்கப்பாண்டி. பொம்பளப் பிள்ளை, காடு, பாம்பு, யானை, யாரோ எவரோ ஆம்பளைகள், நாளைக்கு யார் வந்து பெண் கேட்பார்கள் என்று வரிசையாக யோசித்தார். பிறகு அழித்துவிட்டார். மகளின் நல்லதுக்குத்தான் செய்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், அன்றிலிருந்து அவள் தன் போனைத் தொட்டாலே அவருக்கு நெஞ்சு திக்கென்றது. அவளுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

டி. கல்லுப்பட்டியில் காரை நிறுத்திச் சாப்பிட்டார்கள். பயத்தில் சிலருக்குச் சாப்பாடு இறங்காது. தங்கப்பாண்டிக்கு நேர் எதிர். எட்டு இட்லி, ஒரு பொங்கல், இரண்டு வடை உள்ளே போனது.

அருவிப் பாதையின் வாசலில் வனத்துறைச் சோதனைச் சாவடி. காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒரு பெண் எழுந்து வந்தாள். பெயர் பாண்டீஸ்வரி, வனக்காவலர், அவள்தான் கூட வந்து வழிகாட்டுவாளாம். சத்யப்ரியாவைப் பார்த்ததும் அவள் நடை நின்றது. பரீட்சைக்குப் போன அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோமே, நம் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த நம்பர்தானே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சத்யப்ரியா சிரித்தாள், கொஞ்சம் கூச்சத்தோடு. பரீட்சையில் தோற்றவர்கள் ஜெயித்தவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு அது.

தங்கப்பாண்டிக்கு வியர்த்தது. இந்தப் பெண்ணுக்கு இரண்டாம் பட்டியலில்தான் வேலை கிடைத்திருக்கிறது என்றால், பக்கத்து நம்பரைப் பார்க்காமலா இருந்திருப்பாள்?

அதற்குப் பிறகு நடந்ததை நடை என்று சொல்ல முடியாது, காவல் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பெண்களும் சேர்ந்து நாலு எட்டு வைத்தால் நடுவில் போய் நுழைந்துகொண்டார். இது என்ன மரம் என்று கேட்டார். அது என்ன பறவை என்று கேட்டார். இங்கே கரடி உண்டா, செந்நாய் உண்டா, சம்பளம் பிடித்தம் போக எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாண்டீஸ்வரி பொறுமையாகப் பதில் சொன்னாள். பின்னால் வந்த கனகலட்சுமிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டுக் கொல்லையில் நிற்கிற முருங்கைக்குப் பூச்சி விழுந்தால் கூட ஏறிட்டுப் பார்க்காத மனுஷனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று தம்பியிடம் கேட்டாள். அழகுபாண்டி, மச்சானுக்குக் காத்து மாறி அடிக்குது என்றான்.

அருவிக்குச் சற்று முன்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது. நேரே போனால் இரண்டு பெரும்பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும், நடுவில் ஓராள் பக்கவாட்டில் புகுந்து போகிற இடுக்கு. பதினைந்து அடி நீளம் இருக்கும். வேண்டாம் என்பவர்கள் இடது கைப் பக்கம் சுற்றுப்பாதையில் இருபது நிமிடம் நடந்தால் அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம். அந்தப் பாறைக்கு ஒத்துக்கிட்டான் பாறை என்று பெயர் என்றாள் பாண்டீஸ்வரி. மலையில் ஆடு மேய்க்கிறவர்கள் வைத்த பெயராம். உள்ளே மாட்டிக்கொள்கிறவன், மறைத்துவைத்த ஒன்றை வாய்விட்டு ஒத்துக்கொண்டால் பாறை விட்டுவிடுமாம். பல பேர் அப்படி வெளியே வந்திருக்கிறார்களாம். தங்கப்பாண்டிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பாண்டீஸ்வரி அவர் வயிற்றை நாசூக்காகப் பார்த்துவிட்டு, அய்யா சுற்றுப்பாதையில் வந்துவிடுங்கள் என்றாள். அவரும் சரியென்று அந்தப் பக்கம் திரும்பினார்.

திரும்பினவர் நின்றுவிட்டார். பாண்டீஸ்வரி இடுக்குக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். அவள் பின்னாலேயே சத்யப்ரியாவும் போய்விட்டாள். இருபது நிமிடம் அந்த இரண்டு பேரும் தனியாக நிற்பார்கள். பேசாமல் என்ன செய்வார்கள்?

கனகலட்சுமி கத்துவதற்குள் தங்கப்பாண்டி பாறைக்குள் நுழைந்துவிட்டார். வலது கையை முன்னால் நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, வயிற்றை எக்கிக்கொண்டு பத்தடி நன்றாகத்தான் போனார். அங்கே பாறை உள்பக்கமாகக் கொஞ்சம் புடைத்திருந்தது. ஒரு மூச்சு இழுத்தார். நெஞ்சு முன்னால் ஒட்டியது, முதுகு பின்னால் ஒட்டியது. அடுத்த எட்டு எடுக்க முடியவில்லை. பின்வாங்கவும் முடியவில்லை.

அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, சும்மா நிற்கிறேன், உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். வாண்டுகள் இரண்டும் இடுக்கின் வாயில் நின்று பார்த்துவிட்டு, மாமா மாட்டிக்கிச்சு என்று ஆடத் தொடங்கின. அழகுபாண்டி போனை எடுத்துப் படம் பிடித்தான். “மச்சான், ஒத்துக்கங்க, விட்டுரும்,” என்றான்.

விளையாட்டாகவே தங்கப்பாண்டி ஒன்றை ஒத்துக்கொண்டார். சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு கடையில் தினமும் இரண்டு டீ சீனி போட்டுக் குடிப்பதாகச் சொன்னார். பாறை விடவில்லை. போன புரட்டாசி சனிக்கிழமை பைபாஸில் ஆட்டுக்கால் சூப் குடித்ததைச் சொன்னார். அது எனக்கு அன்றைக்கே தெரியும், சட்டையில் வாடை அடித்தது என்று கனகலட்சுமி பதில் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். சிரிக்க மூச்சு இழுத்ததில் நெஞ்சு இன்னும் இறுகிக்கொண்டது.

அப்போதுதான் பயம் வந்தது. பாறை ஈரமாக இருந்தது. கன்னத்துக்கு நாலு விரல் தூரத்தில் கல். தலையைத் திருப்பக் கூட இடமில்லை. சின்னச் சின்ன மூச்சாக எடுத்தார். ஒவ்வொரு மூச்சும் போதாததாகத் தெரிந்தது. பதற்றத்தில் உடம்பு உப்பியதா, பாறைதான் நெருக்குகிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் குரல் மாறியதைக் கேட்டு வெளியே சிரிப்பு அடங்கியது. அழகுபாண்டி உள்ளே வந்து இடது கையைப் பிடித்து இழுத்தான், தோள் கழன்றுவிடும் போல் வலித்ததுதான் மிச்சம். தண்ணீர் பாட்டிலை வாங்கி மேலே ஊற்றினார்கள். அதற்கும் அசையவில்லை. கனகலட்சுமி அழத் தொடங்கினாள். முன்பக்கமிருந்து இழுத்துப் பார்க்கலாம் என்று அக்காளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அழகுபாண்டி சுற்றுப்பாதையில் ஓடினான். முன்பக்கம் நின்றிருந்த பாண்டீஸ்வரி, அலுவலகத்துக்குச் சொல்லிக் கயிறும் ஆளும் வரவழைக்கிறேன், கீழே சிக்னல் கிடைக்காது என்று மேட்டுக்கு ஏறிப் போனாள்.

தகப்பனும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

சத்யப்ரியா இடுக்குக்குள் எவ்வளவு தூரம் வர முடியுமோ அவ்வளவு தூரம் வந்து, நீட்டியிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதீங்கப்பா, மூச்சை முழுசா வெளியே விடுங்க என்றாள். அவள் கை சூடாக இருந்தது. தங்கப்பாண்டி அதை இறுகப் பற்றிக்கொண்டார். இந்தக் கையைப் பிடித்துத்தான் அவளை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டார். அழுகை முட்டியது, அழவும் நெஞ்சில் இடமில்லை.

பிறகு, அவருடைய கவனத்தைத் திருப்பலாம் என்று நினைத்தோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள். “அப்பா, அந்தக்கா ஒண்ணு சொல்றாங்க. ரெண்டாவது லிஸ்ட்ல எனக்கும் வந்துச்சாம். அவங்க நம்பருக்கு அடுத்த நம்பராம். மெசேஜ் வந்திருக்குமே, நீ ஏன் வரலன்னு கேக்குறாங்க.”

தங்கப்பாண்டியின் பிடி தளர்ந்தது.

“அந்த ஃபார்ம்ல யாரு நம்பர் குடுத்தோம்னு யோசிச்சுப் பாத்தேன்,” என்றாள். “ஒங்க நம்பருதானப்பா?”

பொய்கள் தயாராகத்தான் இருந்தன. ஒரு வருடமாக ராத்திரி பகலாக உருட்டித் திரட்டி வைத்திருந்த பொய்கள். அந்த மாதம் போன் ரிப்பேரில் கிடந்தது என்று சொல்லலாம். கம்பெனிக்காரன் அனுப்புகிற விளம்பரக் குப்பையில் அதுவும் போயிருக்கும் என்று சொல்லலாம். இரண்டையும் அவள் நம்புவாள், நம்பக்கூடிய பிள்ளைதான். ஆனால் பொய் சொல்கிறவனுக்குப் பார்வையை வைக்க வேறு ஓர் இடம் வேண்டும். சுவரைப் பார்க்க வேண்டும், கால் பெருவிரலைப் பார்க்க வேண்டும், யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்ப வேண்டும். தங்கப்பாண்டிக்கு அந்த வசதி இல்லை. ஒரு கை தூரத்தில் மகளின் இரண்டு கண்கள்தான் இருந்தன.

“வந்துச்சு பாப்பா,” என்றார். “நாந்தான் அழிச்சேன்.”

அவர் நெஞ்சிலிருந்து மூச்சு மொத்தமும் போனது. தோள் ஒரு விரற்கடை நழுவியது. சத்யப்ரியா அவர் கையை விடவில்லை. அனிச்சையாகவோ என்னவோ, இழுத்தாள்.

“பெறகு போனும் பண்ணாங்க. ஒரு அதிகாரி. ஏன் வரலன்னு கேட்டாரு. இன்னும் ரெண்டு நாள் டயம் தாரேன், அனுப்பி வைங்கன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சு, வராதுன்னு சொன்னேன்.”

இப்படி அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு மூச்சு உள்ளே நிற்காது, நெஞ்சு ஒடுங்கும், அந்த ஆட்டுக்காரர்களின் சூட்சுமம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பயந்துட்டேன் பாப்பா என்றார், ஒன்னைக் காட்டுல விட்டுட்டு என்னால ஒறங்க முடியாது பாப்பா என்றார், தப்புத்தான் பாப்பா என்றார். சட்டைப் பொத்தான்கள் இரண்டு தெறித்தன. வயிற்றில் ஒரு சாண் தோல் வழன்றது. கடைசியில் அவர் குப்புற விழாத குறையாக வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தார்.

சத்யப்ரியா அவரைத் தாங்கி ஒரு கல்லில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். துப்பட்டாவை நனைத்து அவர் வயிற்றுக் காயத்தைத் துடைத்துவிட்டாள். எல்லாம் வீட்டில் செய்கிற மாதிரியே செய்தாள். மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது என்று தங்கப்பாண்டி நினைத்தார். அப்பாக்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

“அந்தப் போன் எப்ப வந்துச்சு?” என்று கேட்டாள்.

“ஒரு செவ்வாய்க்கெழம. மத்தியானம்.”

“செவ்வாய்க்கெழமைன்னா எனக்கு வார லீவு, வீட்லதான இருந்திருப்பேன். எங்க இருந்தேன்?”

தங்கப்பாண்டிக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். பாறை சொல்லவைத்த வேகம் இன்னும் அடங்கவில்லை. “எனக்குச் சோறு வச்சுக்கிட்டு இருந்த. எந்திரிச்சுப் போயிப் பேசிட்டு வந்தேன். யாருப்பான்னு கேட்ட. சிமென்ட் கம்பெனிக்காரன்னு சொன்னேன். நீ ரசத்த ஊத்துன.”

அவள் துப்பட்டாவைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள், அதில் தண்ணீர் இல்லாமல் போன பிறகும்.

“நான் மக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்ப்பா,” என்றாள். “பில்லுல ஒரு சைபர் தப்பாப் போட்டாக்கூட, அதான் பரீட்சையிலயே தெரிஞ்சுபோச்சே, நமக்கு எங்குட்டு மூளை இருக்குன்னு நெனப்பேன். தெனமும் நெனப்பேன். நீங்க எம் பக்கத்துல ஒக்காந்து தலையத் தடவிவிட்டு, எல்லாத்துக்குமா படிப்பு ஏறுது, விடு பாப்பான்னு சொன்னீங்க. போன மாசங்கூடச் சொன்னீங்க.”

தங்கப்பாண்டி மகளைக் காட்டிலிருந்து காப்பாற்றியதாகத்தான் இத்தனை நாளும் கணக்கு வைத்திருந்தார். அவள் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு தினமும் பஸ் ஏறிப் போய் வந்தது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

சுற்றுப்பாதையில் ஆள் வரும் சத்தம் கேட்டது. வாண்டுகள் முன்னால் ஓடி வந்தன. கல்லில் உட்கார்ந்திருந்த தங்கப்பாண்டியைப் பார்த்ததும் கனகலட்சுமி கண்ணீரோடு சிரித்தாள். முனியாண்டிசாமிக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று அந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டாள். அழகுபாண்டி மறுபடியும் போனை எடுத்தான். மேட்டிலிருந்து பாண்டீஸ்வரியும் இறங்கி வந்தாள், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கயிறு தேவைப்படாமல் போனதில் சந்தோஷப்பட்டாள்.

“அப்படி என்னத்தத்தேன் ஒத்துக்கிட்டீக, பாறை விடுற அளவுக்கு?” என்று கனகலட்சுமி கேட்டாள்.

எல்லோரும் சிரிக்கத் தயாராக நின்றார்கள். தங்கப்பாண்டி மகளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள் என்று ஒரு கணம் கேவலமாக நம்பினார். சத்யப்ரியா துப்பட்டாவை உதறித் தோளில் போட்டாள்.

“நீங்களே சொல்லுங்கப்பா,” என்றாள். பிறகு பாண்டீஸ்வரியின் பக்கம் திரும்பி, வாங்கக்கா, ஒங்ககிட்ட நெறையக் கேக்கணும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே சேர்ந்து போனார்கள்.

தங்கப்பாண்டி சொன்னார். குறுஞ்செய்தியைச் சொன்னார், போனைச் சொன்னார், ரசத்தையும் சொன்னார். கனகலட்சுமியின் சிரிப்பு முதல் வரியிலேயே போய்விட்டது. கடைசி வரை நின்று கேட்டாள். மகள் சாப்பிடாமல் கிடந்த அந்த மூன்று நாளும் பூட்டிய கதவுக்கு வெளியே தட்டை வைத்துக்கொண்டு நின்றவள் அவள்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் வாண்டுகளை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு மகள் போன வழியில் ஏறினாள். அழகுபாண்டி போனைப் பைக்குள் வைத்துவிட்டு, மச்சானை நிமிர்ந்து பார்க்காமல் அக்காள் பின்னால் போனான்.

அருவிக்கு இன்னும் இருநூறு அடிதான் இருந்தது. பாதை நல்ல அகலம். தங்கப்பாண்டி கல்லில் உட்கார்ந்து, யாராவது திரும்பிப் பார்த்து, வாங்க என்று கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் திரும்பவில்லை.